மறுப்பதாக இருந்தால் எழுதிக் கொடுங்கள்

கல்லூரிக்குள் வெளியாள் ஒருவரை அழைத்துப் பேசவைக்க வேண்டுமானால் முதல்வரின் முன் அனுமதி வேண்டும் என்பது நான் பணியாற்றிய இடங்களில் எல்லாம் இருந்த விதி. அந்த விதியில் எனக்குக் குறை இல்லை. எந்த அரங்கு எந்த நேரத்தில் காலியாக இருக்கிறது, எத்தனை பேர் வருவார்கள், ஒலிபெருக்கியால் பக்கத்து வகுப்பு கெடுமா என்பதெல்லாம் நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு. விண்ணப்பிக்கிறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று விதி பத்தி பத்தியாகச் சொல்கிறது. அனுமதி தரும் இடத்தில் இருப்பவர் எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம், மறுப்பை எழுத்தில் தர வேண்டுமா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் எது சர்ச்சை என்று கேட்டால் சிறுபிள்ளையும் தண்ணீர் என்றுதான் சொல்லும். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்த பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். அது முழுதாக வந்ததா, பயிருக்கு வேண்டிய மாதத்தில் வந்ததா என்பதில்தான் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுச் சித்தூருக்கும் ஓயாத தகராறு. இரண்டு பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் எல்லையோரக் கல்லூரி ஒன்றில் நான் தமிழ் மன்றப் பொறுப்பாசிரியராக இருந்தேன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பொள்ளாச்சிக்காரர் ஒருவரை அழைத்து, அந்த ஒப்பந்தத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாணவர்கள் விரும்பினார்கள்.

விண்ணப்பத்தோடு பேச்சாளரின் தன்விவரமும், பேச்சின் சுருக்கமும் கேட்டார்கள். சுருக்கம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்றார்கள். (தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்வது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.) மொழிபெயர்த்துக் கொடுத்தோம். சில நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தபோது, என் கையெழுத்துக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், ‘நேரில் பேசவும்’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம்கூட இல்லை. நேரில் போனேன். “பிரஷ்னம் வேண்டா, சாரே” என்றார் முதல்வர். யார் பிரச்சினை செய்வார்கள் என்று கேட்டதற்கு, யாராவது செய்யலாமே என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. அவர் நல்ல மனிதர்; ஏதாவது நடந்தால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் தன் மேசைக்குத்தான் வரும் என்பது அவருடைய பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு விதி இடம் கொடுத்துவிட்டது. பென்சிலால் எழுதியதை எதிர்த்து யாரிடம் முறையிட முடியும்?

கேரளத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வளாக அரசியலைக் கல்லூரிகள் தடை செய்யலாம் என்று 2003-இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2006-இல், மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொன்ன உச்ச நீதிமன்ற ஆணையும் கேரளத்திலிருந்து போன வழக்கில் பிறந்ததுதான். 2020-இல் படிப்பைக் குலைக்கும் போராட்டங்களையும் முற்றுகைகளையும் வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. இவற்றில் எதுவும் ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிய மாலை நேரப் பேச்சைத் தடுக்கவில்லை. கல்லூரிப் பதிவேட்டில் மாணவராக இல்லாத எவரும் தேர்தல் நடவடிக்கைகளில் பங்கெடுக்கக் கூடாது என்றுதான் லிங்டோ குழு கூறியது. தேர்தலுக்காக எழுதப்பட்ட அந்த வரி, வெளியாள் என்றாலே ஆகாது என்ற எண்ணமாக அலுவலகங்களில் ஊறிப்போய்விட்டது.

கலவரம் வரலாம் என்ற காரணத்துக்கும் உச்ச நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்த் திரைப்படம் தொடர்பாக 1989-இல் வந்த தீர்ப்பு அது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது. பகைமையோடு வருகிற கூட்டத்தைத் தன்னால் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது. வெடிமருந்தில் விழும் தீப்பொறியைப் போலப் பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் மட்டுமே தடுக்கலாம் என்று நீதிபதிகள் தெளிவாக எழுதினார்கள். மிரட்டலுக்கு இணங்கினால் அமைதி கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் டெல்லி ராம்ஜாஸ் கல்லூரி, எதிர்ப்பு வந்ததும் கருத்தரங்குப் பேச்சாளருக்கு அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றது. அடுத்த நாளே அங்கே அடிதடி நடந்தது.

இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டுச் சட்டமே, ஒருவருடைய கருத்தைக் காரணமாகக் காட்டி அவருக்கு அரங்கை மறுக்கக் கூடாது என்றும், கூட்டம் நடத்தும் நடைமுறையைப் பல்கலைக்கழகங்கள் எழுதி வெளியிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. 2023-இல் நிறைவேறி 2025 ஆகஸ்டில் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், விதிவிலக்கான சூழ்நிலை தவிரப் பாதுகாப்புச் செலவை ஏற்பாட்டாளர் தலையில் கட்டக் கூடாது என்கிறது. அங்கேயும் எல்லாம் திறந்த வாசல் இல்லை. பயங்கரவாதத்துக்கு ஆள் சேரும் ஆபத்தைக் கருதி, வெளிப் பேச்சாளர்களைக் கவனித்து அனுமதிக்கும் கடமை 2015 முதல் பல்கலைக்கழகங்களுக்கு இருக்கிறது. இருந்தாலும் கடமை இன்னது என்று இரு தரப்புக்கும் எழுதப்பட்டிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேரளத் தரப்பிலிருந்து ஒருவரையும் சேர்த்து அழைத்தால் பார்க்கலாம் என்று அன்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை, நானே அழைத்திருப்பேன். அதை நிபந்தனையாக வைப்பதைத்தான் ஏற்க முடியாது, ஏனென்றால் இரண்டாமவர் வர மறுத்தாலே முதலாமவர் வாய் அடைபட்டுவிடும். எனக்குப் பிடிக்காத பேச்சாளருக்கும் இதே நியாயம்தான். சாதிப் பெருமை பேசும் ஒருவரை மாணவர்கள் அழைத்தாலும், அவர் சட்டத்தை மீறாதவரை அரங்கு கொடுங்கள், கேள்வி கேட்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் பிள்ளைகளின் கேள்விகளில் எனக்கு அந்த அளவு நம்பிக்கை உண்டு.

பொறியாளரின் பேச்சு கடைசியில் ஊர் வாசகசாலையில் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் மலையாளிகள். மூலத்தரா தடுப்பணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் ஒருவர், கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டுகளைச் சொல்லி மடக்கி மடக்கிக் கேட்டார்; பொறியாளர் தம் குறிப்பேட்டைப் புரட்டிச் சில இடங்களில் ஒத்துக்கொண்டார், சில இடங்களில் மறுத்தார். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. கல்லூரி மாணவர்கள் கேட்டிருக்க வேண்டிய உரையாடல் அது. விடுதிப் பிள்ளைகளால் அந்த நேரத்தில் வெளியே வர முடியவில்லை.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(டி)-இல், ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்த முடிவுக்கான காரணத்தைப் பொது அதிகார அமைப்பு தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. அரசு நிதியில் நடக்கும் கல்லூரிக்கும் இது பொருந்தும். இந்த ஆண்டு மன்றப் பொறுப்பில் இருக்கும் மாணவர்கள் அடுத்த கூட்டத்துக்கான கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். கடிதத்தைத் தமிழிலேயே கொடுக்கச் சொன்னேன். தேதி முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளவும், மறுப்பதானால் இந்தப் பிரிவின்படி காரணத்தை எழுத்தில் தருமாறு கடைசிப் பத்தியில் கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.