மடக்கு நாற்காலியோடு வந்த செனட்டர்

1953 ஜனவரியில் அமெரிக்க செனட் கூடியபோது ஓரிகன் மாநில செனட்டர் வெய்ன் மோர்ஸ் கையில் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து சேர்ந்தார். சில மாதங்களுக்கு முன்னால்தான் குடியரசுக் கட்சியை விட்டு விலகியிருந்தார். அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஐசன்ஹோவரின் தேர்தல் அணியில் துணை அதிபர் வேட்பாளராக நிக்சன் சேர்ந்தது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் குடியரசுக் கட்சி, மறுபக்கம் ஜனநாயகக் கட்சி, இரண்டிலும் சேராதவர் எங்கே உட்காருவது? நடைபாதையில்தான்!

இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 31 வயதில் ஓரிகன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் டீன், உலகப் போர்க் காலத்தில் தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைத்த வாரியத்தில் உறுப்பினர். அப்படிப்பட்டவரை, கட்சியை விட்டுப் போனதற்காகத் செனட்டின் தொழிலாளர் குழுவிலிருந்தே தூக்கினார்கள், ராணுவக் குழுவிலிருந்தும்தான். அவர் அடங்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், கடலோர எண்ணெய் வளத்தை மாநிலங்களுக்குக் கொடுக்கும் மசோதாவை எதிர்த்து 22 மணி 26 நிமிடம் ஒரே மூச்சில் பேசினார். அன்றைக்கு அது சாதனை. மசோதா என்னவோ நிறைவேறிவிட்டது.

1955இல் ஜனநாயகக் கட்சிக்குப் போனார். கட்சி தாவியவர் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். போனபோது வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது உண்மைதான், ஆனால் அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று பாருங்கள்.

1964 ஆகஸ்ட். டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் தாக்கியது என்று சொல்லி, பதிலடி கொடுக்கவும் மேற்கொண்டு ராணுவ நடவடிக்கை எடுக்கவும் அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கேட்டார். அதுதான் டோங்கின் தீர்மானம். மோர்ஸுக்கு ராணுவத் தலைமையகமான பென்டகனிலிருந்து ஒருவர் ரகசியமாகத் தகவல் சொல்லியிருந்தார். தாக்கப்பட்ட மேடாக்ஸ் என்ற கப்பல் சும்மா போய்க்கொண்டிருந்ததல்ல, அதே சமயத்தில் தென் வியட்நாம் படகுகள் வடக்கின் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்தன என்பதை மோர்ஸ் சபையில் எடுத்துச் சொன்னார். அதைவிட அவர் அழுத்திச் சொன்னது சட்ட வாத்தியாரின் வாதம்: போரை அறிவிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டம் கொடுத்திருப்பது நாடாளுமன்றத்துக்கு, அதை வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு அதிபரிடம் நீட்ட முடியாது, இது பெரிய தவறு என்று வரலாறு எழுதும். கேட்பாரில்லை. பிரதிநிதிகள் சபையில் 416க்கு பூஜ்யம், செனட்டில் 88க்கு 2. அந்த இரண்டில் ஒருவர் இவர், இன்னொருவர் அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங்.

எல்லாரும் கொதித்துப்போயிருந்த ஒரு வாரத்தில், தன் கட்சி அதிபருக்கே எதிராக, அதுவும் தேர்தல் நேரத்தில் அப்படி எழுந்து நிற்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது? நாற்காலியோடு வந்த அன்றைக்கே அவர் அதற்குப் பழகிவிட்டார் என்று தோன்றுகிறது. இரண்டு கட்சியிலும் பலருக்கு அவரைப் பிடிக்காது, லேசில் ஒத்துப்போகிற ஆளும் இல்லை. ஆனால் ஒத்துப்போகிற 88 பேரால் அன்று ஒரு பிரயோஜனமும் இல்லையே.

1968இல் இவரும் க்ரூனிங்கும் பதவி இழந்தார்கள். மோர்ஸ் தோற்றது 36 வயது பாப் பேக்வுட்டிடம், எட்டு லட்சத்துக்கு மேல் பதிவான வாக்குகளில் வெறும் 3,300 வித்தியாசத்தில். டோங்கின் தீர்மானத்தை 1971 ஜனவரியில் ரத்து செய்தபோது அவர் சபையில் இல்லை. அப்புறமும் விடவில்லை. 1974இல் அதே பேக்வுட்டை எதிர்த்து நிற்கக் கட்சியின் வேட்பாளராக ஜெயித்து, 73 வயதில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அந்த ஜூலையில், பிரசாரம் பாதியில் இருக்கும்போதே இறந்துபோனார்.