"டச்" என்று கத்தப் பழக்குங்கள்

தொண்டியோ ஏர்வாடியோ, மணலில் பிள்ளைகள் ஆடும் வாலிபாலில் சண்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கிளம்பும். பிளாக் போட்டவன், அதாவது நெட்டருகே குதித்து எதிரணி அடித்த பந்தைக் கையால் மறித்தவன், விரல் நுனியில் பந்து உரசி வெளியே விழும். பட்டிருந்தால் பாயின்ட் எதிரணிக்கு. நடுவர் கண்ணுக்குத் தப்பலாம், விரலுக்குத் தப்பாது. ஆனாலும் "படவே இல்ல சார்" என்பான்.

நேர்மையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பந்து விரலில் பட்ட நொடியே "டச்" என்று கத்தப் பழக்குங்கள். இது முதலில் அவன் அணிக்கே லாபம். ஒரு அணி 3 தொடுகைக்குள் பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்; 6 பேர் ஆட்டத்தில் பிளாக்கில் பட்டது அந்தக் கணக்கில் சேராது. சத்தம் கேட்டதும் பின்னால் நிற்பவன் ஓடிப்போய்ப் பந்தை எடுக்கலாம். எடுக்க முடியாமல் போனால், கத்திய வாயாலேயே மறுக்க முடியாது. (இருவர் ஆடும் பீச் வாலிபாலில் பிளாக்கும் ஒரு தொடுகைதான், அதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.)

முதல் சில வாரம் நடுவரே வேண்டாம். கத்த மறந்தவன் பிறகு கை தூக்கி ஒத்துக்கொண்டால் பாயின்ட் போகாது, அந்த ஒரு பாயின்ட்டை மட்டும் திரும்ப ஆடட்டும். பயம் விட்டதும் விதிப்படி பாயின்ட்டை எதிரணிக்குக் கொடுங்கள். "ஏன்டா சொன்னே?" என்று கூட்டாளி முறைத்தால் அவனை உட்கார வையுங்கள். ஒத்துக்கொண்டதற்குப் பரிசுப் பாயின்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். படாததையும் பட்டது என்பார்கள், பிள்ளைகள் அவ்வளவு விவரம்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது காற்றுக்கு எதிரே போட்ட சர்வீஸ் நெட்டைத் தாண்டாமல் விழும், மறுபக்கத்தில் போட்டது கோட்டைத் தாண்டிப் போகும். செட் முடிந்துதான் பக்கம் மாறுவது என்றால் தோற்றவன் காற்றைத்தான் திட்டுவான். மணலில் 6 பேர் ஆடினாலும் பீச் வாலிபால் முறையே நல்லது: 21 பாயின்ட் செட்டில் இரு அணியும் சேர்த்து 7 பாயின்ட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பக்கம் மாறுங்கள், 15 பாயின்ட் கடைசி செட்டில் 5-க்கு ஒருமுறை.

கை குலுக்குவதெல்லாம் சரிதான், அது தானாகப் பழகிவிடும். வெளியே நின்று கத்தும் அப்பாக்கள்தான் தலைவலி. அதிகம் கத்துபவர் கையில் கொடியைக் கொடுத்து லைனில் நிறுத்துங்கள்; தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு வந்ததும் பாதி பேர் அடங்கிவிடுவார்கள்.

ஆனால் கோடு உறுதியாக இருக்க வேண்டும். மணலில் கீறிய கோடு பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். பழைய கயிற்றை இழுத்துக் கட்டி, நான்கு மூலையிலும் மணல் நிரப்பிய சாக்கை ஒரு அடி ஆழத்தில் புதைத்து, முடிச்சை அதில் போடுங்கள். முளைக்குச்சி வேண்டாம், கால் குத்தும்.