சரி சார்

வேலை தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் டாக் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். நாற்பது பேரும் "சரி சார்" என்பார்கள். தாளில் கையெழுத்து விழும். அதற்குப் புரிந்தது என்றோ சம்மதம் என்றோ பொருள் கிடையாது, சீக்கிரம் விட்டால் வேலையைப் பார்க்கலாம் என்றுதான் பொருள். ஷார்ஜாவில் எட்டு வருஷமாக சேஃப்டி ஆபீஸராக இருக்கிற எனக்கு இது தெரியாதா என்ன? ஆனாலும் அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை, கம்பெனி ஆட்களோடு ஏறிய மலையில் ஸ்டோர் அண்ணன் சொன்ன "சரி சார்" எனக்குச் சம்மதமாகத்தான் கேட்டது.

ஜெபல் ஜைஸுக்குப் போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மேலே வரைக்கும் தார் ரோடு, ஜிப்லைன், காபி. கூட்டமில்லாத மலையாக வேண்டும் என்று ஜெபல் ரஹாபாவைப் பிடித்தது நான்தான். 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஜைஸைவிடக் குறைவுதான், ஆனால் வாதியில், அதாவது வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில், வண்டியை விட்டால் மிச்சம் முழுக்கக் கால்தான். வாட்ஸ்அப்பில் விதிகள் போட்டதும் நானே: ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், நல்ல ஷூ (அந்தச் சுண்ணாம்புப் பாறை ஷூவின் அடியை பிளேடு மாதிரி சீவிவிடும்), 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், யாரையும் தனியே விடக்கூடாது.

பத்தே முக்காலுக்கு, பாழடைந்த கல்வீடுகள் இருக்கும் மேட்டில், அண்ணனுக்கு முட்டி மடங்கவில்லை. வயது 54. பதினாலு பேர் நின்றோம். விதிப்படி ஒருவர் அவரோடு இருக்க வேண்டும். "யார் இருக்கீங்க?" என்று நான் கேட்டேனா? அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். கேட்கவில்லை. எல்லோரும் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், "அனுபவஸ்தர், பாத்துப்பாரு" என்றார். நான் ஒரு சிதர் மரத்தைக் காட்டினேன். நம்மூர் இலந்தைக்கு உறவு அது.

"அண்ணே, இந்த நிழல்லயே இருங்க. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்."

"சரி சார்."

என் பக்கத்து நியாயமும் உண்டு. தடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: முன்னால் நான், கடைசியில் ஜிபிஎஸ்ஸோடு சர்வேயர். எங்களில் ஒருவர் நின்றால் பதின்மூன்று பேருக்கு ஒரே ஆள். வழி தெரியாத ஒருவரைத் துணைக்கு விட்டு, இரண்டு பேருமாக இறங்கிப் பார்க்கலாம் என்று வாதிக்குள் வழி தவறினால்? போனில் சிக்னலும் இல்லை. அசையாமல் இருக்கும் ஒரு ஆள், அலையும் இரண்டு ஆளைவிடப் பாதுகாப்பு. இதை எந்த மீட்டிங்கிலும் வாதாடி ஜெயிப்பேன். ஆனால் சைட்டில் ஒரு ஃபோர்மேன் இதே கதையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வார்னிங் லெட்டர் அடித்திருப்பேன்.

உச்சியைத் தொட்டபோது 12:40. நான் போட்ட 12 மணியை நானே தாண்டிவிட்டேன். மேற்கே ராஸ் அல் கைமா கடற்கரை வெளுத்துத் தெரிந்தது. மேனேஜர் வேறொரு சரிவைக் காட்டி, "இப்படி எறங்கினா சீக்கிரம். ரெண்டு பேர் மட்டும் போய் அவரைக் கூட்டிட்டு வரட்டுமே" என்றார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் ஜிபிஎஸ்ஸை வாங்கி அந்தத் தடத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தபோது மணி இரண்டேகால் தாண்டிவிட்டது. மரத்தடியில் ஆள் இல்லை. என் வயிற்றில் என்னவோ புரண்டது. கத்திக் கூப்பிட்டோம். ஒரு கல்வீட்டுச் சுவரோரமிருந்து குரல் வந்தது. அந்த வீடுகளைப் பூட்டு வீடு என்பார்கள், பைத் அல் குஃப்ல். பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டியது. கோடையில் தானியத்தையும் சாமானையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மலைக்காரர்கள் கடற்கரைப் பேரீச்சந்தோப்புகளுக்கு இறங்கிவிடுவார்களாம். அண்ணன் வாசலுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"நெழலு நகந்துடுச்சு சார்" என்றார், ஏதோ அவர் தப்பு மாதிரி.

"இந்த நிழல்லயே இருங்க" என்று பதினொரு மணி நிழலைக் காட்டிவிட்டுப் போனவன் நான். கோடையில் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது என்று சைட் சைட்டாகப் போய்ச் சத்தம் போடுகிறவன்.

அவர் கையில் இருந்த ஒன்றரை லிட்டர் பாட்டிலைப் பார்த்தேன். சட்டைப் பையில் எப்போதும் மார்க்கர் பேனா வைத்திருப்பார், அட்டைப்பெட்டிகளில் எண் போட. அதால் பாட்டிலில் கோடு கிழித்திருந்தார். கோட்டுக்குக் கோடு மணி: 12, 1, 2, 3. அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் கடைசிக் கோடு, 6. பொழுது சாயும் நேரம். தண்ணீர் சரியாக 2-க்குக் கொஞ்சம் கீழே நின்றது.

ஒன்றும் ஆகவில்லை. இறங்கினோம், பிரியாணி சாப்பிட்டோம், குரூப்பில் போட்டோ வந்தது. விபத்து நூலிழையில் தப்பினால் எழுத வேண்டிய நியர் மிஸ் ஃபாரம் நான் நிரப்பவில்லை. லீவு நாள், கம்பெனி வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். அடுத்த மலைக்கு அண்ணன் வரவில்லை. முட்டி வலி என்றார். இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்துக் கையுறை வாங்க ஸ்டோருக்குப் போனபோது கேட்டே விட்டேன். "அன்னைக்கு பயந்துட்டீங்களாண்ணே?"

"பயமெல்லாம் இல்ல சார். வேற வழியா எறங்கிட்டா என்ன பண்றதுன்னுதான் ஒரு யோசனை."

உச்சியில் பேசியதை யாராவது சொல்லியிருப்பார்களா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"அப்படியெல்லாம் பண்ணுவோமாண்ணே" என்றேன்.

"சரி சார்" என்றார். ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.