ஜூன் மாதத்தில் காணாமல் போகும் கிளைகள்

எங்கள் மாணவர் சங்கத்தின் மாநில மாநாடு நெருங்குகிறது. "அமைப்பைப் பலப்படுத்துறது பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க தோழர்" என்று இப்போதைய மாவட்டச் செயலாளர் கேட்டார். உட்கார்ந்து எழுதியபோது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்; கொடி எதுவானாலும் மாணவர் அமைப்பில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாநிலம் முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரிக் கிளையின் செயலாளர், மூன்றாம் ஆண்டு. அடுத்த மாதம் வகுப்பு வகுப்பாகப் போய் உறுப்பினர் பதிவு செய்தோம். 340 ரசீது கிழித்தோம். மாவட்டக் குழுவில் கைதட்டினார்கள். ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். கிளையை ஓட்டிய ஐந்து பேருமே படிப்பு முடித்துப் போய்விட்டோம். ரசீதின் அடிக்கட்டைகள் எங்கே என்று தேடினால், திருப்பூருக்கு வேலைக்குப் போன நண்பனின் பையில் இருந்தன. அந்த 340 பேரில் யாரையும் கூப்பிட ஒரு போன் நம்பர்கூடக் கிளையில் இல்லை.

அதை நான் செய்த தவறாகவே இன்றுவரை நினைக்கிறேன். கலைக் கல்லூரியில் ஒரு மாணவர் இருப்பது மூன்றே வருடம். முதல் வருடம் ஊரும் கல்லூரியும் பழகவே போய்விடுகிறது. கடைசி வருடம் அரியர், வீட்டின் கவலை, வேலை. நடுவில் கிடைக்கும் ஒன்றரை வருடத்தில்தான் ஒருவர் சங்க வேலை கற்று, செய்து, அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டும் போக வேண்டும். நாமோ மூன்றாம் ஆண்டு மாணவரைச் செயலாளராக்கிவிட்டு, கோடை விடுமுறைக்கு அப்புறம் கிளை இல்லை என்று வருத்தப்படுகிறோம்.

மாவட்டக் குழுவுக்கு வந்த பிறகு மூன்று கல்லூரிகளில் இதை மாற்றிப் பார்த்தோம். கிளை மாநாட்டைப் பொங்கல் விடுமுறைக்கு முன்பே நடத்தினோம். செயலாளர் கட்டாயம் இரண்டாம் ஆண்டு. கமிட்டியில் பாதிப் பேர் முதலாம் ஆண்டு. பழைய செயலாளர் ஏப்ரல் வரை கூடவே இருந்து வேலையைக் கைமாற்றினார். கிளைக்கு ஒரு நீள நோட்டு போட்டோம். என்ன மனு கொடுத்தோம், எந்தத் தேதி, யாரிடம், என்ன பதில் வந்தது, உதவித்தொகை வரவில்லை என்றால் எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கேட்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

கோட்டூர்ப் பக்கமிருந்து மன்னார்குடிக்கு வரும் காலை 7.40 பஸ்ஸை விட்டால் அடுத்தது 8.50. முதல் மணிக்குப் போக முடியாது. பையன்கள் படியில் தொங்கினார்கள். பெண்கள் ஏறவே முடியாமல் நின்றார்கள். ஆறு நாள் தொடர்ந்து எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று நோட்டில் எண்ணி எழுதினோம். அந்தத் தாளோடு பணிமனையில் மனு கொடுத்தோம். மூன்று முறை அலைந்தபின் 8.10க்கு ஒரு வண்டி விட்டார்கள். அந்த வண்டியில் வருபவர்களைச் சங்கத்தில் சேரச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் கமிட்டிக்கு வருவதில்லை என்று பல வருடம் அறிக்கையில் எழுதினோம். கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. அவர்கள் ஊருக்குக் கடைசி பஸ் 4.30க்கு. மதிய உணவு இடைவேளைக்கு மாற்றினோம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இரண்டு கிளைகளில் பெண்கள் செயலாளர் ஆனார்கள்.

விடுதிகளை நாம் இன்னும் சரியாகத் தொடவில்லை. அரசு விடுதியில் கல்லூரி மாணவரின் உணவுப்படியை 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். ஒரு நாளுக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளை. ராத்திரி விடுதியில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பார்க்காத மாவட்டச் செயலாளர் எந்த அறிக்கையை எழுதி என்ன?

இன்னொன்று, தேர்தல். கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்துவது என்று சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்று உச்சநீதிமன்றம் 2006 செப்டம்பரில் உத்தரவிட்டது. கல்லூரி திறந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல், வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 5,000 ரூபாய், அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். ஏழை மாணவருக்கு இதைவிட வசதியான களம் ஏது? இங்கே பல கல்லூரிகளில் வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியரே கைகாட்டுகிறார். பேரவைத் தேர்தல் கேட்டு மாநிலம் தழுவிய இயக்கம் ஒன்றை எடுத்தால், கிளை இல்லாத கல்லூரிக்குள்ளும் நுழைய வழி கிடைக்கும்.

கட்சிக் கூட்டத்துக்கு ஆள் கேட்டு வரும் போன் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குக் கட்சி உண்டு, அதில் பெருமையும் உண்டு. ஆனால் பருவத் தேர்வு வாரத்தில் பையன்களை வேனில் ஏற்றிய ஒரே முறையில் நல்ல கிளை ஒன்றை இழந்தோம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியவர்கள் மாணவர்கள். அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அவ்வளவு பெரிய பலம் கட்சி அரசியலுக்குள் போய்ச் சேர்ந்தது. கல்லூரிக்குள் என்ன மிஞ்சியது என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

மாநிலக் குழுத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாநாட்டு அறிக்கையில் மொத்த உறுப்பினர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் போடுங்கள்: ஜூலை மாதம் கூடிய கிளைகள் எத்தனை, மாவட்ட வாரியாக. 38 மாவட்டத்துக்கும். எங்கள் மாவட்டத்தின் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதை முதலில் வாசியுங்கள்.