அம்மாவின் முட்டி: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

28.1.2024, ஞாயிறு
தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்ததிலிருந்து அம்மாவின் வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது. 272 படியையும் வாயாடிக்கொண்டே ஏறினார்; இறங்கும்போதுதான் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு அக்கா தைலம் கொடுத்து, "தேஞ்ச முட்டிய ஆட்டாதீங்க, இன்னும் தேஞ்சிரும்" என்றார்.

5.2.2024, திங்கள்
எக்ஸ்ரேயில் இரண்டு முட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்மானம். ஆனால் இடது பக்கம் வலிப்பதே இல்லை. ஃபிசியோ பெண் கைலியை மேலேற்றச் சொல்லி இரண்டு தொடையையும் டேப்பால் அளந்தார். வலது தொடை சூம்பியிருந்தது, பார்த்தாலே தெரிந்தது.

குதிகால் தரையில் படும் நொடியில் முன்தொடைத் தசைதான் இழுத்துப் பிடித்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, லாரிக்கு அப்சார்பர் மாதிரி. சமதரையில் நடந்தாலே உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் முட்டியில் இறங்கும். படி இறங்கினால் இன்னும் அதிகம். தசை இளைத்தால் அத்தனையும் மூட்டின் தலையில். முட்டி வீங்கினாலோ, நரம்பே தசையை முழுசாக இறுக விடாது. வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் விட, தசை மேலும் கரையும். சோம்பேறித்தனம் என்று அம்மாவை ஏசிய சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

11.2.2024, ஞாயிறு
"முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவளுக்கு எக்சைசா?"
முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். காலை நீட்டி, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அமுக்க வேண்டும். முட்டிச்சில்லு மேலே நகர்ந்து தொடை இறுகுவது கண்ணுக்கே தெரிகிறது. பிறகு நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்ததால் மேலே தலையணை.
அக்காவின் தைலம் இருக்கட்டும், ஆட்டாதே என்ற பேச்சு வேண்டாம். மூட்டில் தேய்வது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு; அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. அமுங்கி விரியும்போதுதான் மூட்டு நீரிலிருந்து சத்து எடுக்கிறது.

17.3.2024, ஞாயிறு
தம்பி காலில் கட்ட மணல் பை வாங்கி வந்துவிட்டான். பாரம் கூடினால் பலனும் கூடுமாம். 2021இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முட்டித் தேய்மானம் உள்ள 377 பேரை 18 மாதம் கவனித்தார்கள். கனமான எடை தூக்கியவர்களுக்கு, லேசாகத் தூக்கியவர்களைவிட வலி பெரிதாகக் குறையவில்லை. வகுப்பில் பேச்சு மட்டும் கேட்டவர்களோடு ஒப்பிட்டாலும் அப்படித்தான். தசை ஏறினால் வலி ஓடிவிடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. தேய்ந்தது வளரப்போவதும் இல்லை. எழுந்து நடமாடத் தெம்பு வந்தால் எனக்குப் போதும். மணல் பை கார் கொட்டகையில் கிடக்கிறது.

20.4.2024, சனி
தலையணை இல்லாமலே எழுகிறார். குந்தி உட்கார்ந்து கீரை பறிப்பது இன்னும் முடியவில்லை. மழை நாளில் வலி உண்டு. இன்று பசாருக்கு நடந்தே போனார். திரும்ப மட்டும் என்னைக் காரோடு வரச் சொன்னார். முட்டியால் இல்லை, இரண்டு தர்பூசணி வாங்கிவிட்டாராம்.