பட்டாளத்து லீவைத் தின்னும் காகிதங்கள்

பிப்ரவரி 3, 2026, செவ்வாய்

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) திருவிழாவுக்கு ஊர் வர நினைக்கும் பட்டாளத்துப் பையன்கள் டிக்கெட் போட வேண்டிய சமயம். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே போட வேண்டும், ஆனால் யூனிட்டில் லீவு உறுதியாவது பெரும்பாலும் கடைசி நேரத்தில். ஜம்மு பக்கமிருந்து ஈரோட்டுக்கு மாறாமல் வரும் ஹிம்சாகர் ரயில் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. ஆன்லைன் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து வண்டி ஏற முடியாது. டெல்லி வரை ஒன்று, டெல்லியிலிருந்து ஈரோட்டுக்கு ஒன்று எனப் பிரித்துப் போடுவது நல்லது. வடக்கே பனிமூட்டக் காலத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் பிந்தும். நடுவில் அரை நாளாவது விடுங்கள்.

ஏ.எல். (ஆண்டு விடுப்பு) 60, சி.எல். (தற்செயல் விடுப்பு) 30 என்று கூட்டி வீட்டில் 90 நாள் கணக்குப் போட வேண்டாம். இரண்டையும் ஒட்டி எடுக்க முடியாது. அக்னிவீர்களுக்கு ஆண்டு விடுப்பே 30 நாள்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

காஷ்மீருக்கு மாற்றலாகிறவர்களுக்கு: நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே செத்துவிடும், போஸ்ட்பெய்டு ஓடும். பேச முடியாதது ஒரு பக்கம். வங்கிக்கும் ஆதாருக்கும் ஓ.டி.பி. வருவது அந்த எண்ணுக்குத்தானே? குழந்தையின் பள்ளிக்கூடக் கட்டணம்கூட அனுப்ப முடியாமல் நிற்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஆதாரோடு போய் மாற்றி, ஒரு ஓ.டி.பி. வரவழைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 14, சனி

லீவு நாளை அதிகம் விழுங்குவது கலியாணப் பதிவுதான். கலியாணம் ரெக்கார்ட்ஸில் (பட்டாளத்துப் பணிப்பதிவேட்டில்) ஏறுவது பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவர மாற்றங்களைப் பதியும் ஆணை) மூலம். அது வெளியாகும்வரை மனைவிக்கு டிபென்டன்ட் கார்டு (குடும்பத்தாருக்கான அடையாள அட்டை) இல்லை; வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சிரமம். பிற்காலத்துக் குடும்ப ஓய்வூதியமும் இந்தப் பதிவை நம்பித்தான்.

பெயரில்தான் மாட்டுகிறது. பழனிசாமியை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறோம். பெண்ணின் ஆதாரில் அப்பாவின் இனிஷியல், திருமணச் சான்றில் புருஷனுடையது. ஓர் எழுத்து பிசகினாலும் காகிதம் திரும்பி வரும், திருத்த அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும். அதனால் மனு எழுதும் முன்பே இருவர் ஆதாரையும், சர்வீஸ் ஆவணத்தில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஆதாரில் தப்பிருந்தால் கலியாணத்துக்கு முன்பே திருத்துங்கள்.

தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி கலியாணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். 90 நாள் இருக்கிறதே என்று ஒறம்பரை (உறவினர்) வீட்டு விருந்துகளை முதலில் வைத்துக்கொண்டால், மாப்பிள்ளை ரயிலேறியிருப்பார். முகூர்த்தம் கழிந்த முதல் வேலை நாளே போய்விடுங்கள்: பத்திரிகை, வயது, முகவரிச் சான்றுகள், போட்டோக்கள், சாட்சிகள். ஜோடியாக எடுத்த போட்டோ பார்ட் டூ ஆர்டருக்கும் வேண்டும். சேர்த்தே பிரிண்ட் போடுங்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

குழந்தைக்குப் பெயர் வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டே, பெயரில்லாத பிறப்புச் சான்றை யூனிட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் பெயர் சேர்க்க மறுபடியும் ஒரு சுற்று. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். சேர்த்த சான்றையே அனுப்புங்கள். பிரசவத்தின்போது அப்பா எல்லையில் இருப்பார், ஆஸ்பத்திரிப் படிவத்தை எழுதுவது அமுச்சியோ (அம்மாவைப் பெற்ற பாட்டி) மாமனோ. அவர்கள் கையில் தகப்பன் பெயரை சர்வீஸ் ஆவணத்தில் உள்ள அதே எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.