பம்பலப்பிட்டியில் பிறந்த ஆங்கிலச் சொல்

'பம்பூஸில்' (bamboozle) என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் எழுதி வரும்படி தரம் எட்டில் படிக்கும் என் மகளுக்கு வீட்டுவேலை கொடுத்திருந்தார்கள். பொருள் சொல்வதில் சிரமம் இருக்கவில்லை. ஒருவரை ஏமாற்றுவதையும், எது மெய் எது பொய் என்று தெரியாமல் அவர் விழிக்கும்படி குழப்பிவிடுவதையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். யாழ்ப்பாணத்தார் 'பேய்க்காட்டுதல்' என்று முடித்துவிடுவதும் ஏறக்குறைய அதைத்தான். பிறப்பை விளக்கும் பொறுப்பை, வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற என் மாமனார் தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

"வெள்ளைக்காரத் துரை ஒருவர் நம் கொழும்புப் பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் வழி தவறி, மூன்று முறை சுற்றியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார், பிள்ளை. அந்த ஊர்ப் பெயர்தான் தேய்ந்து பம்பூஸில் ஆயிற்று" என்றார். அதே ஒழுங்கைகளில் முச்சக்கரவண்டிக்காரரே வழி கேட்டு நின்றதை நான் கண்டிருப்பதால், மறுத்துப் பேச எனக்கும் நா எழவில்லை.

மறுநாள் மகளின் கொப்பியில் சிவப்பு மையில் பெரியதொரு கேள்விக்குறி விழுந்தது.

சனிக்கிழமை, விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள பொதுசன நூலகத்துக்குப் போய்ப் பருத்த அகராதிகளைப் புரட்டினேன். அச்சொல் 1703ஆம் ஆண்டளவில் எழுத்தில் தலைகாட்டியிருக்கிறது; 1710இல் எழுத்தாளர் ஜொனதன் ஸ்விப்ட், ஆங்கிலத்தைக் கெடுக்கும் புதுச்சொற்கள் என்று சிலவற்றைக் கடிந்து எழுதியபோது இதையும் சேர்த்துக்கொண்டார். பிறப்பில் மட்டும் அறிஞர்களுக்குள் இணக்கம் இல்லை. கள்வர்களின் குழூஉக்குறி என்பார் சிலர். குழப்புதலைக் குறிக்கும் ஸ்கொட்லாந்து வழக்கொன்றைக் காட்டுவார் வேறு சிலர். ஆளைக் குரங்காக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைச் சுட்டுவாரும் உண்டு. (எனக்குப் பிடித்தது குரங்குதான்.)

வெற்றிக் களிப்போடு வீடு திரும்பினேன். "மாமா, ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தது 1796இல். சொல்லோ அதற்குத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் வழங்கியிருக்கிறது. உங்கள் துரை எப்போது வந்து வழி தவறினார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தார்.

"தம்பி, 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் எந்த நாட்டுக்காரர்?"

"ஆங்கிலேயர்."

"1679இல் அவர் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தபின் ஒல்லாந்தர் அவரை எந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள்?"

"கொழும்புக்கு."

"இலண்டனில் அவருடைய இலங்கை நூல் வெளிவந்தது 1681இல். அது 1703க்கு முன்னா, பின்னா?"

"முன்" என்றேன், வகுப்பில் எழுந்து நிற்கும் மாணவனைப் போல.

"பிறகென்ன?" என்று அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார். நொக்ஸ் பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்தாரா என்று கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றியபோது அவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார். மகளோ சிவப்புக் கேள்விக்குறிக்குக் கீழே நொக்ஸின் பெயரை எழுதி முடித்திருந்தாள்.